சலாதுக்கு எண்ணெய் ஊத்தலாமோ? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில பச்சை மரக்கறி சாப்பிடுறதைப் பற்றி எழுதினாப் பிறகு வந்த கடிதங்களில முக்கால்வாசி, சலாதுக்கு மேல ஊத்துற எண்ணெய் வினாகிரிக் கலவையை, டிரெஸ்ஸிங் எண்டு சொல்லுறதைப் பற்றித்தான். அதால இந்தமுறை மற்றக் கேள்வி எல்லாத்தையும் தள்ளி வச்சிட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன்.

கேள்வி: எனக்கு வயசு 54. கொலஸ்ட்ரோல் கூட எண்டு டொக்டர் சொன்ன நாளில இருந்து எண்ணெயைத் தொடுறதே இல்லை. ராவில ஒரு பெரிய கிண்ணம் கரட், தக்காளி, சலாது இலை, அதுக்கு உப்பும் தேசிக்காய்ப்புளியும் மட்டும்தான். மகள் கனடாவில இருந்து வந்து நிக்கிறா, ஒலிவ் எண்ணெயும் வினாகிரியும் ஊத்தித்தான் சாப்பிடோணும் எண்டு ஒரே சண்டை. ஆர் சொல்லுறது சரி?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அக்கா, மகள் சொல்லுறதுதான் சரி, ஆனா எவ்வளவு ஊத்திறது எண்டதை உங்கட கையில வச்சிருங்கோ.

கரட்டைத் துருவி எண்ணெயில வதக்கேக்க சட்டியில அடியில நிக்கிற எண்ணெய் செம்மஞ்சளா மாறுறதை எத்தினை தரம் பாத்திருப்பியள், அந்த நிறம்தான் பீட்டா கரட்டீன், உடம்புக்குள்ள போய் விற்றமின் ஏ ஆகிறது அதுதான். தக்காளியிட சிவப்பு லைக்கோப்பீன். இந்த ரெண்டும், கீரையில இருக்கிற விற்றமின் கேயும், கொழுப்பில கரையிற சாமான்கள், கொஞ்சமாவது எண்ணெய் கூடப் போனாத்தான் குடல் இதுகளைச் சரியா உறிஞ்சும், இல்லாட்டி நீங்கள் கஷ்டப்பட்டு நறுக்கின கரட்டிட சத்தில பெரும்பகுதி வந்த வழியே போயிடும். அமெரிக்காவில ஐயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆக்கள் 2004ல இதைச் செய்து பாத்தவை. பசளி, சலாது இலை, தக்காளி, கரட் போட்ட ஒரே சலாதை ஒருக்கா எண்ணெயே இல்லாத டிரெஸ்ஸிங்கோடயும், ஒருக்கா 6 கிராம் எண்ணெயோடயும், ஒருக்கா 28 கிராம் எண்ணெயோடயும் குடுத்துட்டு இரத்தத்தை எடுத்துப் பாத்தா, எண்ணெய் இல்லாமச் சாப்பிட்ட அண்டைக்குக் கரட்டீன் வகைகள் உள்ள போனதா காட்டவே இல்லை எண்டு சொல்லலாம், 6 கிராமுக்கு ஓரளவு, 28 கிராமுக்கு நல்லாக் கூடிச்சுது. ஏழு பேரில செய்த சின்ன ஆய்வுதான், எண்டாலும் காரணம் தெளிவானது, பிறகு வந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிக்குது.

இது வெளிநாட்டு விசயம் எண்டு நினைக்க வேண்டாம் அக்கா. வல்லாரைச் சம்பலுக்கு என்ன போடுறம்? தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, கடைசியில தேசிக்காய்ப்புளி. தேங்காய்ப்பூவில இருக்கிறது கொழுப்பு, தேசிக்காயில இருக்கிறது புளிப்பு, பச்சை இலைக்கு மேல ரெண்டையும் சேர்த்துப் பிசையிறம். எண்ணெயும் வினாகிரியும் செய்யிற வேலையும் அச்சு அசல் இதுதான். எங்கட அம்மம்மாமாருக்குக் கரட்டீன் எண்ட சொல்லுத் தெரியாது, ஆனா இலையை வெறுமையா ஒருநாளும் எங்களுக்குத் தந்ததில்லை.

இனிக் கணக்கு. எந்த எண்ணெய் எண்டாலும், ஒலிவ் எண்டாலும் நல்லெண்ணெய் எண்டாலும், 1 கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி கிட்டத்தட்ட 14 கிராம் பிடிக்கும், அப்ப 120 கலோரி. வினாகிரி ஒரு மேசைக்கரண்டிக்கு 3 கலோரிதான். போத்தலைச் சரிச்சுச் சலாதுக்கு மேல ஒரு சுத்துச் சுத்தினா, நீங்கள் அறியாமலே 3 மேசைக்கரண்டி போயிடும், அது 360 கலோரி, ஒண்டே முக்கால் கப் சோத்துக்குச் சமன். அதாலதான் சலாது சாப்பிட்டும் உடம்பு குறையேல்லை எண்டு நிறையப் பேர் கவலைப்படுகினம். போத்தலால ஊத்தாதேங்கோ, கரண்டியில ஊத்தி அளந்து விடுங்கோ, ஒரு ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தாராளம், உடம்பு குறைக்கப் பாக்கிற ஆள் எண்டா ரெண்டு தேக்கரண்டி.

கொலஸ்ட்ரோல் பயத்துக்கு: எண்ணெய் எல்லாம் ஒண்டில்லை. ஒலிவ் எண்ணெயில நூற்றுக்கு 14 அளவுதான் நிறைவுற்ற கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் ஒலெயிக் அமிலம் எண்ட நிறைவுறாத கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலா இந்த மாதிரிக் கொழுப்பைச் சாப்பிட்டா எல்டிஎல் எண்டு சொல்லுற கூடாத கொலஸ்ட்ரோல் இறங்கும். 'பதிலா' எண்ட சொல்லை மறக்காதேங்கோ, பொரியலும் பட்டரும் அப்பிடியே இருக்க அதுக்கு மேல ஒலிவ் எண்ணெயும் ஊத்தினா ஒரு பிரயோசனமும் இல்லை. ஸ்பெயின்ல 7,000க்கு மேல ஆக்களை வருசக்கணக்காப் பாத்த ஒரு பெரிய ஆய்வு 2013ல வந்து, 2018ல திருத்தித் திரும்பவும் வெளியிட்டவை, அதில மத்தியதரைக்கடல் பக்கச் சாப்பாட்டோட நல்ல ஒலிவ் எண்ணெயும் சேர்த்த ஆக்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரிப் பெரிய வருத்தங்கள் குறைவாத்தான் வந்திருக்கு. ஆனா அது மரக்கறி, பருப்பு, மீன், கச்சான் மாதிரிக் கொட்டைகள் எல்லாம் சேர்ந்த சாப்பாடு, தனிய எண்ணெய்க்கு மாலை போடேலாது.

ஒலிவ் எண்ணெய் விலை கட்டாட்டி மனசை விடாதேங்கோ, எங்கட நல்லெண்ணெயிலயும் நிறைவுற்ற கொழுப்பு கிட்டத்தட்ட அதே 14 வீதம்தான். மணம் தூக்கலா இருக்கும், அதால அரைவாசி நல்லெண்ணெய் அரைவாசி சூரியகாந்தி எண்ணெய் எண்டு கலந்து பாருங்கோ. கரட்டுக்கும் கெக்கரிக்காய்க்கும் அந்த மணம் நல்லாப் பொருந்தும்.

ஒரு விசயம், இரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் குளிசை எடுக்கிற ஆக்கள் திடீரெண்டு இலைவகையைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, விற்றமின் கே அந்த மருந்தோட முட்டும். கிளினிக்கில சொல்லிட்டுச் செய்யுங்கோ.

கேள்வி: எனக்குச் சீனி வருத்தம். போன்ல வந்த வீடியோவைப் பாத்திட்டு ஒரு மாசமா வெறுவயித்தில அப்பிள் சைடர் வினாகிரி ரெண்டு மேசைக்கரண்டி அப்பிடியே குடிக்கிறன். இப்ப நெஞ்செரியுது, பல்லும் கூசுது. குடிக்கிறதை விடவோ?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: விடுங்கோ தம்பி, இண்டைக்கே விடுங்கோ. வீட்டு வினாகிரியில 5 வீதம் அளவு அசெற்றிக் அமிலம் இருக்கு, அதைத் தண்ணி கலக்காமக் குடிச்சா தொண்டையும் இரைப்பையும் எரியும், பல்லிட எனாமலையும் கரைக்கும், கரைஞ்ச எனாமல் திரும்ப வளராது. குடிச்ச கையோட பல்லுத் தீட்டுறனீங்கள் எண்டா அது இன்னும் கேடு, புளிப்பில இளகி நிக்கிற எனாமலை பிரஷ் தேய்ச்சு எடுத்திடும். புளிப்புச் சாப்பிட்டா முதல்ல வெறும் தண்ணியால வாயைக் கொப்புளியுங்கோ, பல்லுத் தீட்டுறதை அரை மணித்தியாலமாவது பொறுத்துச் செய்யுங்கோ.

வீடியோவில சொல்லுறது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சனம் நம்புது. சோறு, பாண் மாதிரி மாச்சாப்பாட்டோட வினாகிரி சேர்ந்தா சாப்பாட்டுக்குப் பிறகு சீனி ஏறுற வேகம் ஓரளவு குறையுது எண்டு ஆய்வுகள் காட்டியிருக்கு, வினாகிரி இரைப்பை காலியாகிறதைப் பிந்த வைக்கிறதும் அதுக்கு ஒரு காரணம். ஆனா அந்தப் பலன் சின்னது, மெட்ஃபோர்மினுக்கோ இன்சுலினுக்கோ அது ஈடாகாது, மருந்தை விட்டுட்டு வினாகிரி குடிச்ச ஆக்கள் எங்க போய் முடிஞ்சவை எண்டதை நான் கண்ணால பாத்திருக்கிறன். எங்கட சொந்தத்தில ஒருத்தர் கால்விரலைக் குடுத்துட்டு நிக்கிறார். வினாகிரி உங்களுக்கு வேணுமெண்டா சோத்துக்கு முதல் ஒரு கிண்ணம் சலாதில எண்ணெயோட சேர்த்துச் சாப்பிடுங்கோ, அப்ப மரக்கறியிட நாரும் உள்ள போகுது, பல்லும் தப்பும். சீனி வருத்தத்தால வயிறு மெதுவா வேலை செய்யுது எண்டு சொல்லப்பட்ட ஆக்களும், பிரஷருக்குத் தண்ணி போக்கிற குளிசை எடுக்கிற ஆக்களும் டொக்டரைக் கேக்காம வினாகிரியை மருந்தா எடுக்கவே கூடாது. அந்த நெஞ்செரிவையும் காட்டுங்கோ, நெஞ்சில எரிவு எண்டா எல்லாம் வாய்வுதான் எண்டு விட்டிட வேண்டாம்.

கேள்வி: ஹோட்டல்ல சாப்பிடேக்க சலாது பளபளப்பா, இலை மொறுமொறுப்பா வருது. வீட்டில நான் செய்தா எண்ணெய் மேல மிதக்குது, உப்பு அடியில கிடக்குது, கால் மணித்தியாலத்தில இலை வாடி தண்ணி விட்டிடுது. எங்க பிழைக்குது?
– வாசகி, தெஹிவளை

பதில்: தங்கச்சி, உங்கட பிழை ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கு, ஒண்டொண்டா வாறன், ஏனெண்டா இந்தக் கேள்வி எனக்கு நல்ல விருப்பமான கேள்வி.

உப்பு எண்ணெயில கரையாது. நீங்கள் எண்ணெயையும் உப்பையும் முதல்ல போட்டிருப்பியள். ஒரு பழைய ஜாம் போத்தலை எடுங்கோ, கண்ணாடிப் போத்தல், மூடி இறுக்கமானது. அதுக்குள்ள ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சீனி, இடிச்ச மிளகு, இவ்வளவையும் போட்டு உப்புச் சத்தம் கேக்காம நிக்கும்வரை குலுக்குங்கோ, முதல்ல கண்ணாடியில கிறீச் கிறீச் எண்டு உரசிற சத்தம் வரும், பிறகு அது அடங்கும், அடங்கினா உப்புக் கரைஞ்சிட்டுது. அதுக்குப் பிறகு அரைத் தேக்கரண்டி அரைச்ச கடுகு. இது இல்லாமத்தான் உங்கட எண்ணெய் மேல மிதக்குது. எண்ணெயும் வினாகிரியும் தானாச் சேராது, கடுகில இருக்கிற வழுவழுப்பான சத்து எண்ணெய்த் துளிகளைச் சுத்திப் பிடிச்சுத் திரும்ப ஒண்டாகாம வச்சிருக்கும். கொழும்பு ஆக்களுக்கு இது புதுசே இல்லை, மலாய் அச்சாறுக்கு வினாகிரி விட்டுக் கடுகு அரைக்கிற வீடுகளில போய்ப் பாருங்கோ, அந்தக் கலவை எவ்வளவு கெட்டியா ஒட்டிப்பிடிக்குது எண்டு.

கடைசியா ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு மூடியை இறுக்கி இருபதுதரம் பலமாக் குலுக்குங்கோ. தெளிவா இருந்தது கலங்கி, இளமஞ்சள் நிறமா, ஐதான கஞ்சி மாதிரித் திரண்டு போத்தல் பக்கத்தில படிஞ்சு மெல்ல வழியும், அதுதான் பதம். இது ரெண்டு பேருக்குக் காணும். பிரெஞ்சுக்காரர் ஒரு பங்கு வினாகிரிக்கு மூண்டு பங்கு எண்ணெய் விடுறவை, எங்கட நாக்கு புளிப்புக்குப் பழகினது, ஒண்டுக்கு ரெண்டே போதும், கலோரியும் மிச்சம். புளிப்பு நல்லா நிண்டா உப்பும் குறையப் போடலாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைய எண்டு சொல்லுற உப்பை நாங்கள் கருவாட்டிலயும் ஊறுகாயிலயும் எப்பவோ தாண்டிடுறம், சலாதிலயாவது மிச்சம் பிடிப்பம்.

இலை வாடுறது வினாகிரியால எண்டு எல்லாரும் நினைக்கினம், உண்மையில கூட வாட வைக்கிறது எண்ணெய். இலைக்கு மேல மெழுகு மாதிரி ஒரு மெல்லிய பூச்சு இருக்கு, அது தண்ணியைத் தள்ளும், ஆனா எண்ணெய் அதுக்குள்ளால இறங்கிடும். அதால சாப்பிட இருக்கிற நேரத்திலதான் கலக்கோணும், பிள்ளையளைக் கூப்பிட்டு மேசையில இருத்திட்டு ஊத்துங்கோ. கழுவின இலையைத் துவாயில போட்டு ஒத்தி ஈரம் எடுங்கோ, ஈரம் நிண்டா டிரெஸ்ஸிங் ஒட்டாமக் கிண்ணத்துக்கு அடியில வழிஞ்சு கிடக்கும். ஒஃபிசுக்குக் கொண்டு போறதெண்டா டிரெஸ்ஸிங்கைச் சின்னப் போத்தலில தனியக் கட்டுங்கோ. கோவா, கரட், பீட்ரூட் மாதிரி இறுக்கமான சாமான் எண்டா மறுவளமா, அரை மணித்தியாலம் முன்னமே பிரட்டி வச்சா இன்னும் ருசி.

அலுமினியக் கிண்ணத்தில மட்டும் ஊற வைக்க வேண்டாம், புளிப்பு அலுமினியத்தைத் தின்னும்.

கேள்வி: கடையில ரெண்டு வினாகிரி வைச்சிருக்கினம், ஒண்டு மலிவு, மற்றது தென்னை வினாகிரி எண்டு விலை கூட. வித்தியாசம் உண்மையோ?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: உண்மைதான். தென்னங்கள்ளு புளிச்சு முதல்ல மதுவாகி, பிறகு அந்த மது பக்ரீரியாவால அசெற்றிக் அமிலமா மாறி வாறது இயற்கை வினாகிரி. மலிவில வாறது பெரும்பாலும் அசெற்றிக் அமிலத்தைத் தண்ணியில ஐதாக்கினது, லேபிளில செயற்கை வினாகிரி எண்டு சின்ன எழுத்தில இருக்கும், வாசியுங்கோ. சத்து எண்டு பாத்தா ரெண்டிலயும் பெரிசா ஒண்டுமில்லை, வித்தியாசம் மணத்திலயும் ருசியிலயும்தான், ஆனா சலாதில வினாகிரி பச்சையாப் போறதால அந்த ருசி அப்பிடியே நாக்கில நிக்கும். என்ர குசினியில மலிவு வினாகிரி கேத்தில் கழுவவும் சிங் தேய்க்கவும், தென்னை வினாகிரி சாப்பாட்டுக்கு. வினாகிரி எண்ட சொல்லும், சலாது எண்ட சொல்லும், குசினி எண்ட சொல்லும்கூட 1505ல இங்க வந்து இறங்கின போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனதுகள். ஆனா கள்ளில இருந்து வாற இந்தப் புளிப்பு எங்கட தென்னையிடது, இந்தக் காசை நான் சந்தோசமாக் குடுப்பன்.

கேள்வி: தேங்காய் எண்ணெயில டிரெஸ்ஸிங் செய்யலாமோ? ஒருக்காச் செய்தனான், கெக்கரிக்காயில வெள்ளை வெள்ளையாக் கட்டி பிடிச்சிட்டுது.
– வாசகி, வத்தளை

பதில்: கெக்கரிக்காயை ஃப்ரிட்ஜால நேரா எடுத்து வெட்டியிருப்பியள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கிட்ட உறைஞ்சிடும், கொழும்புச் சூட்டில தண்ணியா நிக்கிறது நுவரெலியாவில போத்தலுக்குள்ள கல்லாகிறதும் இதாலதான், குளிர்ந்த காயில பட்டவுடன மெழுகு மாதிரிப் படியும். பழுதாகேல்லை, ஆனா வாய்க்கு நல்லா இராது. அதைவிட முக்கியம், அதில நூற்றுக்கு 80க்கு மேல நிறைவுற்ற கொழுப்பு, ஒரு மேசைக்கரண்டியில 11, 12 கிராம், 2,000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 22 கிராமுக்குள்ள நிக்கோணும் எண்டுதான் உலக சுகாதார நிறுவனத்திட அளவு. கறிக்குத் தேங்காய்ப்பால், சம்பலுக்குத் தேங்காய்ப்பூ, தாளிக்கத் தேங்காய் எண்ணெய் எண்டு ஏற்கெனவே நாள் முழுக்கத் தேங்காயோடதான் இருக்கிறம், சலாதுக்காவது வேற எண்ணெயை எடுப்பம்.

கேள்வி: உள்ளி போட்டு டிரெஸ்ஸிங் செய்து ஒரு மாசத்துக்கு வெளியில வச்சுப் பாவிக்கலாமோ? வினாகிரி இருக்குத்தானே?
– வாசகர், மட்டக்குளி

பதில்: வேண்டாம். எண்ணெய்க்குள்ள அமிழ்ந்து கிடக்கிற பச்சை உள்ளியில காத்துப் படாது, காத்தில்லாத இடத்தில வளர்ற பொட்டுலிசம் கிருமிக்கு அது நல்ல வீடு, அதிட நஞ்சு நரம்பைப் பிடிச்சு ஆளையே கொல்லும், மணத்திலயோ ருசியிலயோ ஒண்டும் தெரியாது. போத்தலுக்குள்ள எண்ணெயும் வினாகிரியும் பிரிஞ்சு நிக்கேக்க வினாகிரி உள்ளிக்கு எட்டும் எண்ட நம்பிக்கையும் இல்லை. உள்ளி, வெங்காயம், மல்லித்தளை போட்டதை ஃப்ரிட்ஜில வச்சு மூண்டு நாலு நாளுக்குள்ள முடியுங்கோ. வெறும் எண்ணெய், வினாகிரி, உப்பு, மிளகு எண்டா கூட நாள் நிக்கும். எண்ணெய்ப் போத்தலை அடுப்புக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ, எங்கட சூட்டுக்குக் கெதியாக் காறல் மணம் பிடிச்சிடும், பழைய கச்சான் மாதிரி மணந்தா ஊத்தி விடுங்கோ.

கேள்வி: மிஞ்சின டிரெஸ்ஸிங்கை வேற எதுக்காவது பாவிக்கலாமோ?
– வாசகி, கிருலப்பனை

பதில்: கோழி நெஞ்சு இறைச்சிக்கு ரெண்டு மணித்தியாலம் பிரட்டி ஃப்ரிட்ஜில வச்சுச் சுட்டுப் பாருங்கோ, காஞ்சு போகாது. கூட நேரம் ஊறினா புளிப்பில இறைச்சி மேல்பக்கம் மாவு மாதிரி ஆகும், மீன் எண்டா இருபது நிமிசமே காணும். இறைச்சி ஊறின மிச்சத்தைத் திரும்பச் சலாதுக்கு ஊத்திடாதேங்கோ. எனக்கு எல்லாத்திலயும் விருப்பம் அவிச்ச கடலை. கடலையை வடிச்சவுடன, ஆவி பறக்கேக்கயே டிரெஸ்ஸிங்கை விட்டுப் பிரட்டுங்கோ, சூட்டோட விட்டாத்தான் உள்ள இழுக்கும், ஆறினாப் பிறகு விட்டா தோலில வழுக்கிட்டு நிக்கும். பிறகு வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொஞ்சம் மல்லித்தளை, பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வரேக்க ஒரு கிண்ணத்தில போட்டுக் குடுங்கோ.